முகாம் முடிந்த மறுநாள்

சத்திரப்பட்டியிலும் அதையொட்டிய சமுசிகாபுரத்திலும் தறிச் சத்தம் கேட்காத தெருவைக் காண்பது அரிது. ராஜபாளையத்துக்குக் கிழக்கே உள்ள இவ்வூர்களின் விசைத்தறிகளில் நெய்யப்படுவது சேலையோ வேட்டியோ அன்று. காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணியும், அறுவைச் சிகிச்சையின்போது ரத்தத்தை ஒற்றியெடுக்கும் காஸ் துணியும். நாட்டின் பல மாநில மருத்துவமனைகளுக்கு இங்கிருந்து துணி செல்கிறது. மருத்துவமனைகளுக்காகவே உழைக்கும் ஊர்கள் என்று இவற்றைச் சொன்னால் தவறில்லை. ஆனால், இவ்வூர்களுக்கு மருத்துவம் எந்த அளவுக்கு வந்து சேர்கிறது என்ற கேள்வி பல ஆண்டுகளாக என்னை விடாமல் தொடர்கிறது. அதற்குக் காரணம் ஒரு துண்டுச் சீட்டு.

பொருளியல் ஆசிரியராக இருந்த காலத்தில் சில ஆண்டுகள் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராகவும் பணியாற்றினேன். இவ்வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் ஏழு நாள் சிறப்பு முகாம் நடத்தினோம். கோயில் வளாகத்தைத் தூய்மை செய்தோம்; மரக்கன்று நட்டோம்; ஞாயிற்றுக்கிழமை மருத்துவ முகாம். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, ஆளுக்கொரு சீட்டில் எண்ணை எழுதிக் கொடுத்தார்கள். பயன்பெற்றோர் எண்ணிக்கையை ஆண்டறிக்கையில் சேர்த்தோம். மறு ஆண்டும் அதே ஊருக்குப் போனபோது, ஐம்பது வயது மதிக்கத்தக்க தறித் தொழிலாளி ஒருவர் ரேஷன் அட்டை உறைக்குள்ளிருந்து பழைய சீட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். அதில் 160/100 என்று எழுதியிருந்தது. 'சார், போன வருசம் இதுல எழுதிக் கொடுத்தாங்க. இத வச்சு நான் என்ன செய்யணும்?' என்று கேட்டார்.

ஓராண்டு முழுவதும் அந்த எண்ணைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். அது எதைக் குறிக்கிறது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. மாத்திரைக்கு எங்கே போவது, எத்தனை நாள் சாப்பிடுவது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அவரைப் பயனாளியாகக் கணக்கில் சேர்த்த ஆண்டறிக்கையை எழுதியவன் நான்தான். அன்று நான் சொன்ன பதிலை அவருக்கு மூன்று முறை திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. வயதாகிவிட்டது, காது சற்று மந்தம் என்று நினைத்துக்கொண்டேன். அது வயதின் வேலை மட்டுமன்று, தறியின் வேலை என்பது எனக்கு உறைக்கச் சில ஆண்டுகள் ஆயின.

உயர்கல்விக்குக் குறைவில்லாத வட்டாரம் இது. 1973-இல் தொடங்கிய ராஜபாளையம் ராஜுக்கள் கல்லூரி, ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவிலில் 1984-இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்துள்ள கலசலிங்கம், பெண்கள் கல்லூரிகள், பொறியியல் கல்லூரிகள் என ஒருமணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் பல்லாயிரம் மாணவர்கள் படிக்கிறார்கள். 2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டுவிட்டது. இதே விருதுநகர் மாவட்டம்தான் 2018-இல் மத்திய அரசு அறிவித்த 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' பட்டியலில், தமிழகத்திலிருந்து ராமநாதபுரத்துடன் இடம்பெற்றது. கல்லூரிகள் நிறைந்த மாவட்டத்தின் பெயர் அப்படியொரு பட்டியலில் வருவது ஏன் என்று நம் கல்லூரிகள் தம்மைத் தாமே கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

கல்லூரிகளை மக்களிடம் கொண்டுசெல்லும் எண்ணம் நமக்குப் புதிதன்று. காந்தியடிகளின் நூற்றாண்டான 1969-இல், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. ஒரு மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் தொண்டாற்ற வேண்டும் என்பது விதி. ஒரே ஊரைத் தத்தெடுத்துத் தொடர்ந்து பணி செய்ய வேண்டும் என்பதும் அத்திட்டத்தின் கருத்துதான். 2014-இல் உன்னத பாரத இயக்கம் வந்தது. திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால், கல்லூரியின் தரத்தை மதிப்பிட வரும் குழுவிடம் காட்ட வேண்டியது எத்தனை நிகழ்ச்சிகள், எத்தனை மாணவர்கள் என்ற எண்ணிக்கை. நூறு பேருக்கு ரத்த அழுத்தம் பார்த்தோம் என்பதற்குச் சான்றாக நிழற்படம் இருக்கிறது. அவர்களில் எத்தனை பேருக்கு ஆறு மாதம் கழித்து அழுத்தம் கட்டுக்குள் வந்தது என்பதைக் கேட்க அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை. எதை அளக்கிறோமோ அதுதான் நடக்கும் என்பது பொருளியலில் பாலபாடம். முகாமின் எண்ணிக்கையை அளந்தோம், முகாம்கள் பெருகின.

வேல்ஸ் நாட்டுச் சுரங்கச் சிற்றூர் ஒன்றில் மருத்துவராக இருந்த ஜூலியன் டூடர் ஹார்ட், 1971-இல் 'லான்செட்' இதழில் எழுதிய கட்டுரையில், மருத்துவம் யாருக்கு மிகுதியாகத் தேவையோ அவர்களுக்கே அது குறைவாகக் கிடைக்கிறது என்ற தலைகீழ் விதியை முன்வைத்தார். அந்தக் கருத்தைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். அவர் செய்த வேலையைப் பேசுவோர் குறைவு. கிளின்கோரக் என்ற அந்த ஊரில், உடம்புக்கு முடியாமல் வந்தவர்களுக்கு மட்டும் பார்ப்பதோடு நில்லாமல், வராதவர்களையும் தேடிப் பிடித்து ரத்த அழுத்தம் அளந்து, பெயர்வாரியாகக் குறிப்பேடு வைத்து, இருபத்தைந்து ஆண்டுகள் அதே மக்களைத் தொடர்ந்தார். 65 வயதுக்கு முன் நேரும் மரணங்கள் பக்கத்து ஊரைவிட அவ்வூரில் குறைந்திருந்தன. பெரிய கருவி எதையும் அவர் பயன்படுத்தவில்லை. நோட்டும் பொறுமையும் இருந்தன.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் இந்தத் தலைகீழ் விதி எப்படி வேலை செய்கிறது? 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸை அடுத்துப் பல நூற்பாலைகள் இங்கே எழுந்தன. பதிவு பெற்ற ஆலையில் மாதம் 21,000 ரூபாய்க்கு மிகாமல் ஊதியம் பெறுபவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. ஆனால், பத்துப் பேருக்கும் குறைவாக வேலை பார்க்கும் தறிக்கூடம் கட்டாய இ.எஸ்.ஐ. வளையத்துக்குள் வருவதில்லை. அங்கே கூலி நெய்த அளவுக்குத்தான். விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி இல்லை. ஒரே வீட்டில் கணவர் மில்லிலும் மனைவி தறிக்கூடத்திலும் வேலை செய்வதுண்டு. கணவரின் அட்டையில் மனைவிக்கும் மருந்து கிடைக்கும். ஆனால், தறிச் சத்தத்தால் மனைவியின் காது கெட்டால், அதைத் தொழில் நோய் என்று காட்டி இ.எஸ்.ஐ.யில் இழப்பீடு கேட்க அவருக்கு வழியில்லை. இழப்பீட்டுச் சட்டத்தை நாடலாமே என்றால், தாம் அங்கே வேலை பார்த்ததற்கு ஒரு சான்றாவது வேண்டும். சம்பளச் சீட்டே காணாதவர் எதைக் காட்டுவார்?

எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபலுக்கு மேல் சத்தம் இருக்கக்கூடாது என்பது நம் தொழிற்சாலை விதி. ஓடும் தறிகளுக்கு நடுவே, கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருப்பவரோடு பேசுவதற்குக் கத்த வேண்டியிருந்தால் அந்தச் சத்தம் காதுக்கு ஆகாது என்று, கருவி இல்லாமலேயே தெரிந்துகொள்ளலாம். ஒரு காலத்தில் லங்காஷயர் நெசவாலைப் பெண்கள் உதட்டசைவாலேயே பேசிக்கொள்ளும் ஒரு மொழியை உருவாக்கிக்கொண்டார்கள். நம் தறிக்கூடங்களில் சைகை அந்த வேலையைச் செய்கிறது. இரைச்சலால் போகும் கேட்புத்திறன் முதலில் கீச்சொலிகளில் போகிறது; குழந்தையின் குரலும் செல்பேசி மணியும் மங்குகின்றன. போனது திரும்பாது. ஆனால், நான் நடத்திய முகாம்களில் ஒன்றிலாவது காது பார்த்தோமா என்றால், இல்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை, கண், பல் என்பது முகாம்களின் மாறாத பட்டியல். ஊருக்கு ஊர் தொழில் வேறு. பட்டியல் மட்டும் ஒன்று. பால்கோவா அடுப்பருகே மணிக்கணக்கில் நிற்பவருக்கும், பஞ்சுத் தூசியில் நிற்பவருக்கும், தறி ஓட்டுபவருக்கும் அதே நான்கு கேள்விகள்தான்.

நூற்பாலைக்கு உரிய கேள்வி ஒன்று உண்டு. பஞ்சைப் பிரித்தெடுக்கும் 'புளோ ரூம்' பகுதியிலும் 'கார்டிங்' பகுதியிலும் தூசி மிகுதி. அங்கே ஆண்டுக்கணக்கில் வேலை பார்ப்பவர்களுக்கு பிசினோசிஸ் எனப்படும் பஞ்சுத்தூசி நுரையீரல் நோய் வரக்கூடும். 1950-களில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஷில்லிங், லங்காஷயர் ஆலைத் தொழிலாளர்களிடம் மிக எளிய கேள்வியைக் கேட்டார்: திங்கட்கிழமை நெஞ்சு இறுக்கமாக இருக்கிறதா? ஞாயிறு ஓய்வுக்குப் பின் தூசிக்குள் மீண்டும் நுழையும் நாளில் மூச்சு இறுகுவதும், வாரம் போகப்போக அது தணிவதும் இந்நோயின் தொடக்க அடையாளம். அந்த விடைகளைக் கொண்டே நோயின் படிநிலைகளை அவர் வகுத்தார். இந்தக் கேள்வியை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நம் ஆலைகளில் மூன்று ஷிப்ட். வார விடுமுறையும் ஆளுக்கு ஆள் வேறு. 'லீவு முடிஞ்சு வேலைக்குப் போற மொத நாள் நெஞ்சு அடைக்குதா?' என்றுதான் இங்கே கேட்க வேண்டும். வெல்லம் தின்றால் தூசி இறங்கிவிடும் என்ற நம்பிக்கையோடு காலம் தள்ளும் தொழிலாளியிடம், புரியும் மொழியில் இதைக் கேட்க மருத்துவப் பட்டம் தேவையில்லை. தமிழ்த் துறை மாணவர் போதும்.

இங்கே என் துறை பற்றியும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் 1978-இல் பஞ்சுத் தூசிக்கு வரம்பு விதித்து ஆணை வந்தபோது, ஆலை உரிமையாளர்கள் நீதிமன்றம் சென்றார்கள். கிடைக்கும் பயன் ஆகும் செலவுக்கு ஈடாகுமா என்று கணக்குப் பார்த்த பிறகே இப்படி ஆணையிடலாம் என்பது அவர்கள் வாதம். 1981-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நடைமுறையில் செய்ய இயலும் எல்லை வரை தொழிலாளியின் உடல்நலமே முதன்மை என்று சட்டமே முன்பே முடிவு செய்துவிட்டது என்றது. செலவு–பயன் பகுப்பாய்வை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தியவன் நான். அந்தத் தீர்ப்பைப் படித்தபோது எனக்கு வருத்தம் ஏற்படவில்லை. தூசியைக் கட்டுப்படுத்த ஆன செலவும் முன்பு அஞ்சிய அளவுக்கு ஆகவில்லை. ஆலைகள் புது இயந்திரங்களுக்கு மாறின.

முகாமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை வளர்ந்ததே முகாம்களால்தான். ஆனால், அந்த முகாமில் புரை இருக்கிறது என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு யாரும் எழுந்து போவதில்லை. நோயாளியை அன்றைக்கே பேருந்தில் ஏற்றி, அறுவை செய்து, சாப்பாடு போட்டு, ஊரில் கொண்டுவந்து விட்டு, பிறகு கண்ணைத் திரும்பப் பார்க்கிறார்கள். இலவசம் என்று அறிவித்தும் மக்கள் வராதபோது, பேருந்துக் கட்டணமும் இழந்த கூலியும் துணைக்கு வருபவரின் கூலியும்தான் அந்த இலவசத்தின் உண்மையான விலை என்பதை அவர்கள் புரிந்துகொண்டார்கள். பொருளியல் பயின்ற நான் அதைப் புரிந்துகொள்ளாமல், மருத்துவம் பயின்ற அவர்கள் புரிந்துகொண்டதை எண்ணிச் சில நேரம் வெட்கப்பட்டதுண்டு.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1977-இல் கே.வி. குப்பம் ஒன்றியத்தில் 'ருஷா' என்ற ஊரக நல அமைப்பைத் தொடங்கியது. கணியம்பாடி ஒன்றியத்தில் அதே கல்லூரியின் சமுதாய மருத்துவத் துறை வீட்டுக்கு வீடு பதிவேடு வைத்துப் பணியாற்றிவருகிறது. முதலாண்டு மாணவர்கள் சிற்றூரில் தங்கி வீடுகளைக் கணக்கெடுக்கிறார்கள். அங்கே ஒரு ஒன்றியம் ஒரு கல்லூரியின் நிரந்தரப் பொறுப்பு. ஆண்டுக்கொரு ஊர் என்று சுற்றும் வழக்கம் இல்லை.

மருத்துவக் கல்லூரிக்கு அது முடியும், கலைக் கல்லூரிக்கு முடியுமா என்று கேட்பார்கள். மருத்துவம் பார்ப்பது நம் வேலையன்று. ஆளை விடாமல் தொடர்வது நம் வேலையாக இருக்கலாம். மருந்து கொடுக்க அரசு இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை நோய் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. ஆனால், பகலில் வரும் தன்னார்வலர், பகல் முழுவதும் தறியில் நிற்பவரை வீட்டில் எப்படிக் காண்பார்? அந்த இடைவெளியை உணர்ந்துதான் 2024-இல் பணியிடங்களுக்கே செல்லும் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' வந்தது. அது பெரிய ஆலைகளின் வாயிலைக் கடப்பது எளிது. நான்கு தறி ஓடும் கூடங்களை யார் பட்டியலிட்டுத் தருவது? இயற்பியல் துறையிடம் இரைச்சலை அளக்கும் கருவி இருக்கும். கூடம் கூடமாகச் சென்று அளந்து ஒரு வரைபடம் போடலாம். கேட்புத்திறனைச் சோதிக்க உலக சுகாதார நிறுவனமே 2019-இல் ஓர் இலவசச் செயலியை வெளியிட்டிருக்கிறது. மூச்சின் வேகத்தை அளக்கும் சிறு குழாய்க் கருவி விலை மிகுந்ததன்று. ஷிப்டுக்கு முன்னும் பின்னும் ஊதச் சொன்னால் வேறுபாடு தெரியும். ஐயத்துக்குரியவரை அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் போவதும், மறு வாரம் அவர் வீட்டுக் கதவைத் தட்டுவதும்தான் மாணவரின் பணி. விருதுநகர் மருத்துவக் கல்லூரி ராஜபாளையத்திலிருந்து 50 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. துணையில்லாமல் யாரும் போக மாட்டார்கள். மருத்துவ மாணவர் ஒவ்வொருவரும் சில குடும்பங்களைத் தத்தெடுக்க வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் வகுத்துள்ள முறையோடு கலைக் கல்லூரி மாணவர்களையும் இணைத்தால், இந்தத் தொலைவு ஓரளவு சுருங்கும்.

இதில் ஒரு முள் இருக்கிறது. மூச்சு அளவு குறைந்திருப்பது தெரிந்தால் வேலை போய்விடும் என்று தொழிலாளி அஞ்சுகிறார். அந்த அச்சம் பொருளற்றதன்று. ஆலை நடத்துவோரே கல்லூரியும் நடத்துவது இவ்வட்டாரத்தில் இயல்பானது. அவர்கள் கொடையால் படித்தவர்கள் நாம். நன்றி மறந்து பேசவில்லை. ஒருவகையில் இது வசதியும்கூட: கல்லூரி கேட்டால் ஆலை வாயில் திறக்கும். ஆனால், மாணவர் குறித்துவரும் பெயர்ப் பட்டியல் மேலாளர் மேசைக்குப் போகாது என்று எழுத்தில் உறுதி தராத கல்லூரி இந்த வேலையில் இறங்கவே கூடாது. பஞ்சுத்தூசி நோய் சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்கப்பட வேண்டிய நோய். அதைக் கண்டறியும் மருத்துவருக்கு அந்தக் கடமை உண்டு. மாணவர் நடுவில் நின்று மறைக்கவும் கூடாது, பரப்பவும் கூடாது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, செண்பகத்தோப்பு மலையடிவாரத்தில் வாழும் பளியர் குடும்பங்களிடமும் நம் முகாம்கள் போவதுண்டு. துணியும் தின்பண்டமும் கொடுத்துத் திரும்புவோம். பகலில் போனால் அங்கே இருப்பவர்கள் முதியோரும் சிறுவருமே. மற்றவர்கள் காட்டுக்கோ கூலி வேலைக்கோ போயிருப்பார்கள். நமக்கு வசதியான நேரத்தில் போய், அவர்கள் வரவில்லை என்று எழுதிவைப்பது எந்த ஊர் நியாயம்?

ஓய்வு பெற்ற பின், பழைய மாணவர் சிலரோடு அந்தச் சீட்டு கொடுத்த அம்மையாரின் தெருவுக்கு மாலை வேளைகளில் போகத் தொடங்கினேன். அவர் இப்போது மாத்திரை சாப்பிடுகிறார். காதுக்கு எதுவும் செய்ய முடியவில்லை. அவர் மகளும் தறிக்குப் போகிறார். காதில் அடைத்துக்கொள்ளப் பஞ்சுருண்டை போதாது, சத்தத் தடுப்பான் வேண்டும் என்று சொன்னபோது, 'நூல் அறுந்தா சத்தம் மாறும், அத வச்சுத்தான சார் தறிய நிறுத்துறோம், காத அடச்சா எப்படிக் கேக்கும்?' என்று கேட்டார். அதற்கு என்னிடம் விடையில்லை. பொறியியல் கல்லூரிகள் எடுத்துக்கொள்ளத்தக்க கேள்வி அது.

ஒரு நோட்டில் வீட்டு எண், பெயர், செய்யும் வேலை, ரத்த அழுத்தம், அடுத்து எப்போது பார்க்க வேண்டும் என்று எழுதிவருகிறோம். உடன் வந்த பெண்கள் இருவர் ஏப்ரலில் முதுகலைத் தேர்வு எழுதி முடித்தார்கள். ஒருவருக்குத் திருமணம், இன்னொருவருக்குச் சென்னையில் வேலை. நோட்டு இப்போது என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. எனக்கும் வயதாகிறது. ஜூனில் கல்லூரிகள் திறந்ததும், அதைப் பெற்றுக்கொண்டு அடுத்த பக்கத்தை எழுத ஆயத்தமாக உள்ள கல்லூரி எது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.